ஒரு போர் விமானத்தின் வயிற்றுக்குக் கீழே

குண்டு போடுவதற்கு முன்னர் விமானம் வானத்தில் ஒரு பக்கமாகச் சரியும். வன்னியில் வளர்ந்த எங்களுக்கு அது தெரியும். சரிந்தால் ஓட வேண்டும். அப்படிச் சரிந்த நேரத்தில், உள்ளே இருந்தவன் எங்களைப் பார்த்தானா? ஒஸ்லோவுக்குப் போய்வந்த நாளிலிருந்து இந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது.

நான் ஊர் பார்க்கப் போகவில்லை. அம்மா அனுப்பினார். அம்மாவின் தங்கை, என்னுடைய சித்தி, ஒஸ்லோவில் ரொம்மன் பகுதியில் இருக்கிறார். சித்தியின் ஒரே மகள் ஆரணி இந்த வருடம் பள்ளிப் படிப்பை முடிக்கிறாள். நோர்வேயில் ஆண், பெண் என்ற வேறுபாடில்லாமல் படைச் சேவைக்கு அழைப்பு வரும். ஆரணி அந்த அழைப்போடு நிற்கவில்லை. விமானப்படையில் விமானியாகப் பயிற்சி பெற விண்ணப்பித்து, முதற்கட்டச் சோதனைகளில் தேறியும் விட்டாள்.

"பொம்மருக்குப் பயந்து ஓடி வந்த சனம் நாங்கள். எங்கடை குடும்பத்திலையே ஒருத்தி பொம்மர் ஓட்டப் போறாளாம்" என்று அம்மா தொலைபேசியில் அழுதார். பொம்மர் என்பது எங்கள் பேச்சில் குண்டுவீச்சு விமானம். என்னுடைய அப்பா விமானக் குண்டுவீச்சில் இறந்தவர். அம்மாவிடம் நான் என்ன வாதாட முடியும்? "நீ உன்ரை பிள்ளையையும் கொண்டு போ. பிள்ளையின்ரை தலையிலை கை வைச்சு, போகமாட்டன் எண்டு சத்தியம் பண்ணச் சொல்லு. அவளுக்குப் பிள்ளை எண்டா உயிர். மீறமாட்டாள்."

தலையில் கை வைத்துச் செய்த சத்தியத்தை மீறினால் கேடு வருவது அந்தத் தலைக்குத்தான் என்று எங்கள் வீடுகளில் சொல்வார்கள். நான் கணக்கியல் படித்தவள், ஜேர்மனியில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறவள். இதை நம்புகிறாயா என்று கேட்டால் இல்லை என்பேன். ஆனால் என் மகள் இனியாவுக்கு வயது இன்னும் ஒன்று ஆகவில்லை. அவள் இரண்டு தரம் தொடர்ந்து தும்மினாலே மருத்துவரின் இலக்கத்தைத் தேடுகிறவள் நான். அம்மாவிடம் மறுக்கவும் முடியாமல், மனமும் ஒப்பாமல், பிள்ளையின் கம்பளித் தொப்பிகளை ஒன்றுக்கு மூன்றாக எடுத்து வைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

முதல் நாள் விமான நிலையத்துக்கு ஆரணிதான் வந்தாள். நிறையப் பைகள் தைத்து, மேலெல்லாம் பேனாவால் எழுதிய, தோள்பட்டி வைத்த சிவப்புக் காற்சட்டை அணிந்திருந்தாள்.

"இது என்னடி, கராஜிலை வேலைக்குச் சேர்ந்திட்டியா?"

"அக்கா, இது றூஸ் களிசான். பள்ளிக்கூடம் முடிக்கிற எல்லாரும் மே பதினேழு, தேசிய நாள் வரைக்கும் இதைத்தான் போடுவினம். தோய்க்கவும் கூடாதாம்."

"அது தெரியுது. ரெண்டடி தள்ளி வா."

அவள் சிரித்துக்கொண்டே இனியாவைப் பறித்தாள். என் பிள்ளை எவரிடமும் போகாதவள், அந்த அழுக்குச் சிவப்பில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டாள். என் கையில் வெறும் தள்ளுவண்டி மட்டும் இருந்தது.

சித்தி இடியப்பமும் கணவாய்க் கறியும் சால்மன் மீன் போட்ட சொதியும் செய்து வைத்திருந்தார். சால்மன் சொதி எனக்குப் புதிது. "பாரை மீனுக்கு இஞ்சை எங்கை போறது? இதைக் குடி, பால் ஊறும்" என்றார். சித்தப்பா ஒஸ்லோவில் பேருந்து ஓட்டுகிறார். சித்தி என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டத் தொடங்கியதும் அவர், "பிள்ளை சாப்பிடட்டும். வழக்கைப் பிறகு கூப்பிடலாம்" என்றார்.

ஆரணியின் அறைச் சுவரில் ஒரு பழைய படத்தின் பிரதி இருந்தது. விமானியின் தோல் தொப்பி, கழுத்தில் பதக்கம், மெல்லிய சிரிப்பு. நான் பார்ப்பதைக் கண்ட சித்தப்பா வாசலில் நின்று அறிமுகம் செய்தார். "இவர்தான் எங்கடை மருமகன். ஜேர்மன்காரர். வயசு மட்டும் நூறைத் தாண்டிட்டுது."

"அப்பா!" என்று கத்தினாள் ஆரணி.

அவன் இரண்டாம் உலகப் போரில் நோர்வேயில் இருந்த ஜேர்மன் போர் விமானி. எதிரி விமானங்களை நிறையச் சுட்டு வீழ்த்திப் பேரெடுத்தவன். பள்ளியில் எழுத வேண்டிய நீண்ட கட்டுரையை ஆரணி அவனுடைய படை வாழ்க்கையைப் பற்றித்தான் எழுதியிருந்தாள். பெயரை இங்கே நான் சொல்லவில்லை. அவள் 'கப்டன்' என்பாள், நானும் அப்படியே எழுதுகிறேன்.

இரண்டாம் நாள், பழைய விமானங்களை வைத்திருக்கும் காட்சிச்சாலை ஒன்றுக்கு என்னைக் கூட்டிப்போனாள். சித்தி சந்தோஷமாக அனுப்பினார். வழியில் நான் மெல்லப் பேசி, பிள்ளையை மடியில் வைத்து, காரியத்தை முடித்துவிடுவேன் என்று நம்பினார். ரயிலில் பேசியது முழுவதும் ஆரணிதான்.

கப்டனின் தகப்பன் கிராமத்து ஆசிரியர். முதலாம் உலகப் போரில் தோற்ற ஜேர்மனி விமானப்படை வைத்திருக்கக் கூடாது என்று ஒப்பந்தம் இருந்தது. அதனால் அந்நாட்டுப் பையன்கள் இயந்திரமில்லாத மிதவை விமானங்களில் பறக்கப் பழகினார்கள். இவனும் ஒரு மேட்டிலிருந்து அப்படித்தான் தொடங்கினான். பிறகு படையை வெளிப்படையாகவே கட்டினார்கள், இவன் சேர்ந்தான். போர் தொடங்கியதும் பிரான்சின் கரையோரம், அதன் பின் நோர்வேயின் தென்மேற்குக் கரை. கப்பல்களைத் தாக்க வரும் பிரித்தானிய விமானங்களை மறிப்பது வேலை. ஒன்றை வீழ்த்தினால் தன் விமானத்தின் வாலில் ஒரு கோடு. கோடுகள் கூடக் கூடப் பதவி உயர்ந்தது. கழுத்துக்குப் பதக்கம் வந்தது, பத்திரிகையில் படம் வந்தது. பயிற்சி ஆசிரியனாக ஊருக்கு அனுப்பினார்கள். அவன் கேட்டு வாங்கித் திரும்பி வந்தான். கடைசியில் அவனை எவரும் சுடவில்லை. பனிமூட்டத்தில் சாதாரணமாகப் பறந்துகொண்டிருந்தபோது மலையில் மோதிச் செத்தான். சாகும்போது ஆரணியைவிடச் சில வயதுதான் மூத்தவன்.

"எத்தனை கோடு?" என்று கேட்டேன். கணக்குக்காரியின் புத்தி.

"ஒவ்வொரு புத்தகத்திலையும் ஒவ்வொரு மாதிரி. நான் கட்டுரையிலை போடேல்லை. ரீச்சர் அதுக்குப் புள்ளி குறைச்சவா. விமானத்தைத்தான் அக்கா எண்ணுவினம். அதுக்குள்ளை இருந்த ஆக்களை எண்ணமாட்டினம்."

"உலகத்திலை வேறை ஆளில்லையா உனக்கு? ஹிட்லருக்குப் பறந்தவன்தான் பிடிச்சுதோ?"

"பிடிக்குதெண்டு எப்ப சொன்னனான்?" என்று முகத்தைத் திருப்பினாள். பிறகு அவளாகவே சொன்னாள். "இவ்வளவு கெட்டிக்காரன், ஆருக்காகப் பறக்கிறன் எண்டு ஒருக்காவாவது யோசிச்சானோ எண்டு தேடினன். வருசம் முழுக்கத் தேடினன். ஒண்டுமே கிடைக்கேல்லை. அதைத்தான் முடிவா எழுதினனான்."

காட்சிச்சாலையில் முதலில் சாப்பிட்டோம். இதய வடிவத்தில் சுட்ட வாஃபிளுக்கு மேலே ஜாமும் பழுப்பு நிறச் சீஸும். சீஸ், பாலும் சீனியும் காய்ச்சிச் செய்யும் பால்தோசி மாதிரி இனித்தது. இனியா என் விரலிலிருந்து ஒரு துளி நக்கிவிட்டாள். இந்த வயதில் கொடுக்கலாமா என்று நான் கைப்பேசியில் தேடி முடிப்பதற்குள் ஆரணி இன்னொரு துளி கொடுத்துவிட்டாள். வெளியே குளிர் காற்றில் இரண்டு தள்ளுவண்டிகளில் பிள்ளைகள் தனியாகத் தூங்கிக்கொண்டிருந்தன. தாய்மார் உள்ளே கோப்பி குடித்தார்கள். நோர்வேயில் அது வழக்கமாம். நான் இரண்டு தரம் எழும்பிப் போய் அந்தப் பிள்ளைகளை எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். அந்தத் தாய்மாரைப் போல இருக்க எனக்கும் ஆசைதான்.

கப்டன் ஓட்டிய அதே வகை விமானம் ஒன்று கம்பிகளில் தொங்கியது. பக்கத்தில் ஏறிப் பார்க்க இரும்புப் படிகள். ஆரணி நேரே படிக்குப் போனாள். நான் நினைக்காமலே அதன் கீழே போய் நின்றுவிட்டேன். வயிறு தெரிந்தது. வெளிர் நீலம், எண்ணெய்க் கறை, வரிசையாக ஆணிகள். விமானம் என்றால் எனக்கு வயிறுதான். மேற்பக்கம் என்ன நிறம் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

"அக்கா, அங்கை என்ன பாக்கிறியள்? மேலை வாங்கோ!"

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். விமானி இருக்கும் குழி எங்கள் குளியலறையில் பாதிகூட இல்லை. தேய்ந்த இருக்கை. காலால் மிதிக்கும் இரண்டு கட்டைகள். இவ்வளவு சின்ன இடத்தில் இருந்துகொண்டா?

"இதிலை இருந்தா கீழே என்ன தெரியும்?" என்று கேட்டேன்.

"நேரே கீழே ஒண்டும் தெரியாது. முன்னுக்கு மூக்கு மறைக்கும், பக்கத்திலை செட்டை மறைக்கும். கீழே பாக்கோணுமெண்டா இப்பிடிச் சரிக்கோணும்." உள்ளங்கையை நீட்டி, ஒரு பக்கமாகச் சரித்துக் காட்டினாள்.

எனக்கு அந்தக் கையைப் பிடித்து இறக்க வேண்டும் போல் இருந்தது. நாங்கள் அதை ஒரு அடையாளம் என்றுதான் நினைத்திருந்தோம். சரிந்தால் விழப்போகிறது, ஓடு. சரிவது பார்ப்பதற்காக என்று எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. வன்னிக்கு வந்தவை வேறு விமானங்கள், இதைவிட வேகமானவை. அவற்றில் வந்தவன் கண்ணால் பார்த்தானோ, கருவியில் பார்த்தானோ. ஆரணியிடம் கேட்டேன். "தெரியாது அக்கா. விமானத்தைப் பொறுத்தது" என்று மெதுவாகச் சொன்னாள். சத்தியத்தைப் பற்றி நான் அன்று வாய் திறக்கவில்லை. சித்தி மாலையில் கண்ணால் கேட்டார். நான் இல்லையென்று தலையை ஆட்டினேன்.

மூன்றாம் நாள் ஆரணி, "கப்டனிட்டைப் போவமா?" என்றாள்.

அவனுடைய கல்லறை ஒஸ்லோவில், அல்ஃபாசெத் மயானத்தில் இருக்கிறது. எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த இடம்தான். செத்தவர்களை எரிப்பது அங்கே. சித்தப்பாவின் கூட்டாளி ஒருவருடைய செத்தவீட்டுக்குப் போன அன்று, பெரியவர்கள் அழுதுகொண்டு உள்ளே நிற்க, ஆரணி வெளியே நடந்து போய் ஜேர்மன் படையினரின் கற்களைக் கண்டிருக்கிறாள். கைக்குழந்தையோடு மயானத்துக்குப் போகக் கூடாது என்று எனக்குத் தெரியும். கடைக்குப் போகிறோம் என்று சித்தியிடம் சொன்னேன்.

போகும் வழியில் எல்லாம் பிழைத்தது. ரீபான என்று அவர்கள் சொல்லும் நிலக்கீழ் ரயில் திருத்த வேலையால் ஓடவில்லை. மாற்றுப் பேருந்தில் ஏறி, அதிலிருந்து இன்னொன்றுக்கு மாறி, தவறான இடத்தில் இறங்கிவிட்டோம். சுற்றிவரக் களஞ்சியங்களும் லொறிகளும். நடைபாதை திடீரென்று முடிந்துவிட்டது. பேருந்துச் சாரதியின் மகளைப் பார்த்து நான் சிரிக்க, "அப்பாவுக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ" என்றாள். ஒரு லொறிக்காரர் இறங்கி வந்து, தள்ளுவண்டியை ஒரு பெட்டியைத் தூக்குவது போலத் தூக்கி, வேலிக்கு அந்தப் பக்கம் வைத்தார். உள்ளே இருந்த இனியா விழிக்கவேயில்லை.

மரங்களுக்கு நடுவே ஒரு சரிவு. புல் வெட்டியிருந்தது. வரிசை வரிசையாகக் கற்கள், கல்லில் பெயர், படைத்தரம், பிறந்த நாள், இறந்த நாள். கப்டனின் கல்லும் மற்றவற்றைப் போலத்தான். பதக்கத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. நாயோடு வந்த ஒரு நோர்வேஜியப் பெண்மணி ஆரணியின் சிவப்புக் காற்சட்டையைப் பார்த்துவிட்டு நின்றார். அவர் பேசியதை ஆரணி எனக்கு மொழிபெயர்த்தாள். "என் அம்மா உயிரோடு இருந்தவரை இந்தப் பக்கம் காலெடுத்து வைக்கமாட்டார். அவர்கள் எங்கள் நாட்டைப் பிடித்து வைத்திருந்தவர்கள். நான் வருவேன். நாய்க்கு இந்த இடம் பிடிக்கும்." பிறகு இனியாவின் காலுறை கழன்றிருப்பதைக் காட்டிவிட்டுப் போனார்.

பகைவனாக வந்தவனுக்கு, வந்த இடத்திலேயே ஒரு கல். எனக்குப் பொறாமை வந்தது. வேறு நல்ல சொல்லைத் தேடினேன், இல்லை. என் அப்பாவை ஒரு வீட்டு வளவின் மூலையில் அவசரமாக வைத்துவிட்டு, அடுத்த ஊருக்கு நடந்தோம். அந்த வளவு யாருடையது என்றுகூட எனக்குத் தெரியாது. அம்மா திரும்பிப் போய்த் தேடியபோது அடையாளம் சொல்ல அங்கே மரமும் இல்லை, வேலியும் இல்லை.

ஆரணிக்கு நான் அப்பாவைப் பற்றிச் சொன்னது அன்றுதான். விமானச் சத்தத்தை வைத்தே எது வருகிறது என்று அவர் சொல்லிவிடுவார். இது சகடை, மெதுவாக வரும், நேரம் இருக்கு. இது வண்டு, ஆளில்லாதது, படம் பிடிக்க வந்தது. இது கிபிர், நேரமில்லை, படு! ஒருநாள் சத்தத்துக்கு முன்னரே அது வந்துவிட்டது. எனக்கு அப்பாவின் முகத்தைவிட அவர் காதைச் சாய்த்து நிற்கும் விதம்தான் நினைவிருக்கிறது. அதையாவது இனியாவுக்கு எப்படிக் காட்டுவது?

ஆரணி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ ஏன் போகோணும் எண்டு நிக்கிறாய்?" என்று கேட்டேன்.

"பறக்க விருப்பம் அக்கா. இஞ்சை கடலிலை தத்தளிக்கிறவையைத் தூக்கிறதும் விமானப்படைதான். ஆனா அதைச் சொல்லி உங்களை ஏமாத்தமாட்டன். சண்டை விமானம் தந்தாலும் ஓட்டுவன். நோர்வே விமானங்களும் வேறை நாட்டிலை குண்டு போட்டிருக்கு. வாசிச்சனான்."

"உனக்கும் அப்பிடிக் கட்டளை வந்தா?"

"தெரியாது" என்றாள். அவளுடைய கண் கல்லில் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சித்தி, "கடையிலை ஒண்டும் வாங்கேல்லையோ?" என்றார். நான் பொய்யைத் தேடிக்கொண்டிருக்க, ஆரணி உண்மையைச் சொல்லிவிட்டாள்.

"சுடலைக்கோ? கைப்பிள்ளையோடையோ? படிச்சனீதானே நீ, உனக்கு எங்கை போச்சு மூளை?" சித்தி என்னைக் குளியலறைக்குத் துரத்தினார். நான் தலை முழுகிவிட்டு வருவதற்குள் செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து இனியாவின் தலையைச் சுற்றி, அதை மின்சார அடுப்பில் சட்டியில் போட்டுவிட்டார். புகை கூரைக்குப் போனது. புகை அலாரம் அலறியது. எங்கள் வீட்டில் மட்டும் இல்லை, மாடிக்கட்டிடம் முழுவதும்.

அடுத்தது எனக்குச் சரியாகத் தெரியாது. சாப்பாட்டு மேசைக்குக் கீழே இருந்தேன். இனியா என் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே இருந்தாள். என் கை அவள் தலையை மூடியிருந்தது. கதிரையில் ஏறித் துவாயால் புகையை விசுக்கிய சித்தப்பாவின் கால்கள் தெரிந்தன. வாசலில் சோமாலிப் பக்கத்து வீட்டுக்காரி, "நெருப்பா, சமையலா?" என்று கேட்க, "மிளகாய்! மிளகாய்!" என்று சித்தப்பா கத்தினார். அது அலாரம் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும் வெளியே வர முடியவில்லை.

ஆரணி தவழ்ந்து உள்ளே வந்தாள். என் கையை எடுக்க முயலவில்லை. பக்கத்தில் குந்திக்கொண்டு, அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் நின்ற பிறகும் நாங்கள் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தோம்.

புறப்படும் நாள் காலை, சித்தி சாமிப் படத்துக்கு விளக்கு வைத்தார். "ஆரணி, இஞ்சை வா. அக்கா போகமுதல் பிள்ளையின்ரை தலையிலை கை வைச்சுச் சொல்லு. போகமாட்டன் எண்டு சொல்லு."

ஆரணி என்னைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். அவள் சொல்லியிருப்பாள் என்றே நினைக்கிறேன். நான் சட்டென்று இனியாவைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"வேண்டாம் சித்தி. என்ரை பிள்ளையின்ரை தலையிலை ஒருத்தரும் சத்தியம் வைக்க வேண்டாம்."

"கொம்மா உன்னை அனுப்பினதே இதுக்குத்தானே! நீயே குறுக்கை நிக்கிறாய்!"

"விடுமப்பா" என்றார் சித்தப்பா. சித்தி விளக்கைப் பார்த்துக்கொண்டு அழுதார். அவர் கட்டித் தந்த கணவாய்க் கறியை நான் வாங்கிக்கொண்டேன். அதை வாங்குவதற்கே வெட்கமாக இருந்தது. ஆரணியின் விருப்பத்துக்காக இழுத்தேனா, அவள் மீறிவிட்டால் என் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று இழுத்தேனா? இரண்டையும் பிரித்தெடுக்கப் பார்க்கிறேன், முடியவில்லை.

விமான நிலையத்தில் ஆரணி இனியாவைக் கடைசியாகத் தூக்கி முத்தமிட்டுவிட்டு என்னிடம் தந்தாள். "அம்மாவுக்காகவும் பெரியம்மாவுக்காகவும் நான் இதை நிப்பாட்டமாட்டன். ஆனா மேசைக்குக் கீழே உங்களைப் பாத்தனான். நீங்கள் வேண்டாமெண்டு சொன்னா விட்டிடுவன் அக்கா. சத்தியமெல்லாம் தேவையில்லை. கோடை லீவுக்கு முதல் கடைசிச் சோதனை. அதுக்குள்ளை யோசிச்சுச் சொல்லுங்கோ."

அம்மாவிடம் சத்தியம் நடக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். அம்மா இப்போது என்னோடு பேசுவது பிள்ளையின் சாப்பாட்டைப் பற்றி மட்டும்தான். ஆரணிக்கு 'போ' என்று எழுதி அழித்தேன். 'போகாதே' என்று எழுதியும் அழித்தேன். போ என்றால், நாளை அவள் எங்கோ ஒரு ஊருக்கு மேலே விமானத்தைச் சரிக்கும்போது கீழே ஒரு தகப்பன் நிற்கக்கூடும். போகாதே என்றால் அவள் கட்டாயம் கேட்பாள். என்னுடைய பயத்தை அவள் வாழ்நாள் முழுவதும் சுமப்பாள், என்னைக் குறைசொல்லவும் மாட்டாள்.

இதை வாசிக்கும் உங்களில், விமானச் சத்தத்துக்குக் குனிந்து வளர்ந்தவர்கள் இருப்பீர்கள். அப்படி வளர்ந்தும், பிள்ளைகளைப் படைக்கோ பறப்புக்கோ அனுப்பியவர்களோ, மறித்து வைத்தவர்களோ இருக்கலாம். அனுப்பியவர்கள் இரவில் தூங்குகிறீர்களா? மறித்தவர்களின் பிள்ளைகள் இப்போது உங்களோடு பேசுகிறார்களா? தயவுசெய்து எனக்கு எழுதுங்கள், நாள் அதிகம் இல்லை. ஆரணி ஒவ்வொரு மாலையும் வீடியோவில் வருகிறாள். ஒன்றும் கேட்பதில்லை. இனியாவுக்குக் கை காட்டிவிட்டு, என் முகத்தை ஒரு கணம் பார்த்திருந்து, பிறகு அழைப்பை வைத்துவிடுகிறாள். அவளுக்கு நான் என்ன சொல்லட்டும்?